4 ஜி.பி. லெப்டொப்பில் கோட் எழுதுவது: எடிட்டர், எழுத்துரு, தீம் பற்றி மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சனிக்கிழமை காலைகளில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வாசிகசாலையில் பைத்தன் என்ற கணினி மொழி சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள். ஆறு லெப்டொப் இருக்கிறது, எதுவும் புதிது இல்லை. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், அக்காமார் பாவித்துவிட்டு அனுப்பியவை.

ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சேர், எந்த எடிட்டர் நல்லது?" எடிட்டர் என்றால் கோட் அடிக்கிற மென்பொருள். இணையத்தில் தேடினால் பதில் ஆயிரம் கிடைக்கும். ஆனால் அதை எழுதியவரிடம் 16 ஜி.பி. மெமரி, விடாமல் ஓடும் இணைப்பு, ஆங்கிலத்தை மட்டுமே காட்டினால் போதும் என்கிற வேலை, இந்த மூன்றும் இருக்கும். நம்மிடம் மூன்றும் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் வேறு. மெஷினைப் பார்த்து எடிட்டர், அப்புறம் எழுத்துரு, கடைசியாகத்தான் தீம், அதாவது எடிட்டரின் நிறங்கள். பிள்ளைகள் தீமுக்குத்தான் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். நேரம் கேட்பது எழுத்துருதான், அதுவும் தமிழையும் சேர்த்து எழுதுபவருக்கு.

படி 1: மெஷினிடம் என்ன இருக்கிறது?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. மொத்தம் எவ்வளவு, இப்போது எவ்வளவு போகிறது என்று காட்டும். 4 ஜி.பி. மெஷினில் நீங்கள் ஒன்றுமே திறக்காதபோதே பாதி போயிருக்கும். மிச்சத்தில்தான் பிரவுசரும் எடிட்டரும் குடும்பம் நடத்த வேண்டும்.

அதே இடத்தில் டிஸ்க் என்பதையும் பாருங்கள். எச்.டி.டி. (தட்டு சுழலும் பழைய வகை) என்று இருந்தால், கையில் வரும் முதல் காசில் ஓர் எஸ்.எஸ்.டி. (தட்டு சுழலாத வேகமான வகை) வாங்கிப் போடுங்கள். பழைய லெப்டொப்புக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய லெப்டொப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படியானால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பைப் போட்டுவிடுங்கள். எங்கள் ஆறில் இரண்டு அதில்தான் ஓடுகின்றன. பயந்த பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

படி 2: எடிட்டரைத் தேர்வது

உலகம் முழுக்க விஎஸ் கோட் என்ற எடிட்டர்தான். கோட் எழுதுகிறவர்கள் கேள்வி பதில் பரிமாறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அதைப் பாவிப்பதாகச் சொன்னார்கள். மைக்ரோசொஃப்ட் அதை அறிமுகப்படுத்தியது 2015இல். பத்து வருடத்துக்குள் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது.

ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விஎஸ் கோட் எலெக்ட்ரான் என்பதன் மேல் கட்டியது. எலெக்ட்ரான் என்றால் உள்ளே ஒரு முழு குரோமியம் பிரவுசர். அதாவது விஎஸ் கோட் திறப்பது இன்னொரு பிரவுசர் திறப்பது மாதிரி. மெமரி அதனால்தான் போகிறது. நன்மையும் அங்கேயே இருக்கிறது: பிரவுசருக்குத் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோத்துக் காட்டத் தெரியும், ஆகவே விஎஸ் கோடிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் பல இடங்களில் விட முடியவில்லை.

என் சிபாரிசு இதுதான். 8 ஜி.பி. இருந்தால் யோசிக்காமல் விஎஸ் கோட். 4 ஜி.பி. இருந்து எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் விஎஸ் கோட் ஓடும், ஆனால் எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணைப் பகுதிகளில் பைத்தனுக்கான ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, பிரவுசரில் இரண்டு டேப்புக்கு மேல் திறக்காதீர்கள். எச்.டி.டி.யோடு 4 ஜி.பி. என்றால் கீனி என்ற எடிட்டர். சின்னது, சட்டென்று திறக்கும், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். விண்டோஸில் மட்டும் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ், 2003இலிருந்து இருக்கிறது, இலவசம்.

பைத்தனை முதன்முதலாகத் தொடுகிறவருக்கு நான் தருவது இவற்றில் எதுவுமே இல்லை. தோனி. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவானது. பைத்தன் அதன் கூடவே வந்துவிடும், தனியாக நிறுவத் தேவையில்லை. ஒரு கணக்கு எப்படிப் படிப்படியாக விடையாகிறது என்பதை வரிக்கு வரி நிறுத்திக் காட்டும். உயர்தரப் பாடத்துக்கு முதல் ஆறு மாதம் இது போதும். "இது சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளது" என்று மூஞ்சியைச் சுளிக்கிறவர்கள்தான் என் வகுப்பில் முதலில் திக்குமுக்காடுகிறார்கள்.

போன் செயலி எழுதும் ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ மேல் ஆசை எல்லோருக்கும் உண்டு. அது குறைந்தபட்சமாகவே 8 ஜி.பி. கேட்கும். 4 ஜி.பி.யில் அதைப் போட்டுப் பார்த்து லெப்டொப்பைத் திட்டாதீர்கள், அது பாவம்.

ஆட்டம் எடிட்டரைச் சிபாரிசு செய்யும் பழைய கட்டுரைகள் இன்னும் கண்ணில் படும். அதை உருவாக்கிய கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பரில் மூடிவிட்டது. அப்படியே கடந்துபோங்கள்.

விம் என்ற பழைய எடிட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டது, அதற்கு மூலமான வி.ஐ.யை பில் ஜாய் எழுதியது 1976இல். எவ்வளவு பழைய மெஷினிலும் ஓடும், மவுஸே வேண்டாம். அம்புக்குறி விசைகளுக்குப் பதிலாக எச், ஜே, கே, எல் பாவிக்கிறார்களே, அது பில் ஜாய் வேலை செய்த ஏ.டி.எம்.-3ஏ டெர்மினலில் அந்த நாலு விசைகளின் மேல்தான் அம்பு வரைந்திருந்தது என்பதால். எனக்கு விம் பிடிக்கும். ஆனால் தமிழ் எழுதுகிறவருக்கு அதில் இரண்டு தொல்லை. தமிழ் விசைப்பலகையை மாற்ற மறந்து எஸ்கேப் அழுத்திக் கட்டளை கொடுத்தால், கட்டளைக்குப் பதில் தமிழ் எழுத்து போகும், ஒன்றும் நடக்காது. அப்புறம் விம் ஓடும் டெர்மினல் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பதால் தமிழ் சிதறும். ஆங்கிலக் கோட் மட்டும் என்றால் விம், தமிழ் கலந்தால் வேண்டாம்.

படி 3: எழுத்துரு, இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

போன வருடம் வகுப்பில் ஒரு தங்கச்சியின் புரோகிராம் நாற்பது நிமிடம் ஓடவில்லை. பெயர் தெரியாது என்றே பைத்தன் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் குனிந்து பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. ஓரிடத்தில் 'லிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் எண் ஒன்று. இன்னோர் இடத்தில் சிறிய எல். திரையில் இரண்டும் அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். "கோட் மாதிரித் தெரியணும்னு கூரியர் நியூ போட்டேன் சேர்" என்றாள். அது 1955இல் ஐ.பி.எம். தட்டச்சு மெஷினுக்காக ஹவர்ட் கெட்லர் வரைந்த கூரியரின் வழி வந்தது. கடதாசியில் அழகு. கோட் எழுத அது வேண்டாம்.

அன்றிலிருந்து எந்த எழுத்துருவையும் ஏற்குமுன் ஒரு சோதனை வரி அடிக்கச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் எடிட்டரில் இவற்றை ஆங்கிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடியுங்கள்: பூஜ்ஜியம், பெரிய ஓ, சிறிய ஓ. எண் ஒன்று, சிறிய எல், பெரிய ஐ. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி. நேர் மேற்கோள், வளைந்த மேற்கோள். மூன்று வகை அடைப்புக்குறிகள். இப்போது ஒரு கை நீளம் பின்னால் தள்ளி உட்கார்ந்து வாசியுங்கள். தயங்காமல் பிரித்துச் சொல்ல முடிந்தால் அந்த எழுத்துரு பாஸ்.

வளைந்த மேற்கோளை ஏன் சேர்த்தேன் என்றால், பிள்ளைகள் நோட்ஸை வேர்டில் அடித்து அனுப்புகிறார்கள். வேர்ட் நேர் மேற்கோளை வளைத்துவிடும். அதைக் கொப்பி பண்ணிப் போட்டால் பைத்தன் முதல் வரியிலேயே நின்றுவிடும். நல்ல எழுத்துருவில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியும்.

எதைப் போடலாம்? விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் கொன்சோலாஸை யாரும் மதிப்பதில்லை. லூகாஸ் டி கிரூட் வடிவமைத்து, விஸ்டா காலத்தில் வந்தது. பூஜ்ஜியத்தின் நடுவே சாய்கோடு இருக்கும். நம்மிடம் உள்ள 1366 க்கு 768 திரைகளில் புது எழுத்துருக்கள் பல மங்கலாகத் தெரியும், இது கூர்மையாக நிற்கும். டவுன்லோட் தேவையில்லை, டேட்டா மிச்சம். பழைய திரைக்கு என் முதல் தேர்வு இதுவே.

திரை கொஞ்சம் நல்லது என்றால் ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ. 2020இல் வந்தது, இலவசம். சிறிய எழுத்துகளின் உயரத்தைக் கூட்டி வரைந்திருக்கிறார்கள், அதனால் அதே அளவில் பெரிதாகத் தெரியும். மைக்ரோசொஃப்ட்டின் கஸ்கேடியா கோட் 2019இல் வந்தது, அதுவும் நல்லது. இரண்டு கோப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்பவருக்கு ஐயோசெவ்கா, ஒடுங்கியது, சின்னத் திரையில் அதிக எழுத்துப் பிடிக்கும். லினக்ஸில் கூடவே வரும் டெஜாவூ சான்ஸ் மோனோவிலும் ஒரு குறையும் இல்லை.

ஃபிரா கோடைப் பிரபலமாக்கியது இணைப்பெழுத்துகள். ஆச்சரியக்குறியும் சமன்குறியும் சேர்ந்தால் அழகாக ≠ என்று காட்டும். கஸ்கேடியாவிலும் ஜெட்பிரெய்ன்ஸிலும் இதே வசதி உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு இது ருசி விஷயம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன். நீங்கள் பரீட்சை எழுதுவது கடதாசியில். மாதக்கணக்கில் திரையில் ≠ பார்த்த கை, விடைத்தாளிலும் அதையே எழுதும். பைத்தனில் அப்படி ஒரு குறி கிடையாது. விஎஸ் கோடில் இது தானாக வராது, ஃபொன்ட் லிகேச்சர்ஸ் என்ற செட்டிங்கை நீங்கள் இயக்கினால்தான் வரும். இயக்காமல் விட்டுவிடுங்கள்.

படி 4: தமிழையும் சேர்த்து அமைப்பது

மேலே சொன்ன எந்த எழுத்துருவிலும் தமிழ் இல்லை. நீங்கள் கோடுக்குள் தமிழ் அடித்தால், எடிட்டர் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். விண்டோஸில் அது நிர்மலா யு.ஐ. ஆகவோ லதாவாகவோ இருக்கும். எதைக் கடன் வாங்குவது என்பதை நாமே சொல்லிவிடுவது நல்லது.

விஎஸ் கோடில் கன்ட்ரோலும் காற்புள்ளியும் அழுத்தினால் செட்டிங்ஸ். தேடும் பெட்டியில் ஃபொன்ட் ஃபேமிலி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அங்கே பெயர்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதலாம். முதலில் கோட் எழுத்துரு, இரண்டாவது தமிழ் எழுத்துரு, கடைசியில் மோனோஸ்பேஸ் என்ற பொதுச் சொல். நடுவில் இடைவெளி உள்ள பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். எடிட்டர் ஒவ்வோர் எழுத்துக்கும் இடமிருந்து வலமாகத் தேடும், முதலாவதில் இல்லாததை இரண்டாவதில் எடுக்கும். வரிசையைத் தலைகீழாக்கினால் ஆங்கிலக் கோடும் தமிழ் எழுத்துருவுக்குள் உள்ள ஆங்கிலத்தில் வரும், பத்தி கலைந்துவிடும். தமிழுக்கு நான் போடுவது நோட்டோ சான்ஸ் தமிழ்.

அடுத்தது லைன் ஹைட், அதாவது வரி உயரம். தமிழுக்கு மேலே புள்ளியும் விசிறியும் வேண்டும், கீழே கு, மூ போன்றவற்றின் சுழி தொங்கும். இயல்பு இடைவெளியில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் தலையும் இடிக்கும். 1.5 அல்லது 1.6 என்று கொடுங்கள். எழுத்தளவு 14 தான் விண்டோஸில் இயல்பு, தமிழ் கலந்தால் 15 அல்லது 16 வசதி.

'ஔ'வும் 'ர'வும் ஒரே அகலத்தில் அடங்காது. ஆகவே தமிழ் வரும் வரியில் பத்திகள் நேராக நிற்காது. அதைச் சரிசெய்யப் போராடாதீர்கள். தமிழ் வாக்கியங்களை இயன்றவரை வரியின் கடைசியில் அல்லது தனிக் கோப்பில் வையுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

கர்சர் ஏன் ஒரே எழுத்துக்குள் தடுக்குகிறது என்று கேட்பார்கள். 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தனிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் அது 15 பைட். பேக்ஸ்பேஸ் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றை மட்டுமே அழிக்கும். இதைத் தெரிந்துகொண்டால் எரிச்சல் பாதியாகும்.

இதைவிடக் கள்ளத்தனமானது 'கொ'. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அதைச் சேமிக்கலாம், தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, தேடினால் ஒன்று கிடைக்கும் மற்றது கிடைக்காது. பைத்தனின் யூனிகோட்டேட்டா மொட்யூலில் நோர்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, என்.எஃப்.சி. என்று கொடுத்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் 'கௌரி'யை அடிக்கும்போது ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் அடித்தவரை எந்த ஃபங்ஷனாலும் காப்பாற்ற முடியாது.

பாமினி என்னும் தனிக் கதை

இலங்கையில் தமிழ் கோப்பு என்றால் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான். பாடசாலைப் பட்டியல், கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கக் கணக்கு எல்லாம். ஒரு பையன் தன் ஊர் மரணாதாரச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தான், பைத்தனில் அகரவரிசைப்படுத்த வேண்டுமாம். எடிட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. அவன் கெட்டிக்காரன், எடிட்டரின் எழுத்துருவையே பாமினி என்று மாற்றினான். பட்டியல் அழகாகத் தமிழில் வந்தது. அவன் எழுதிய கோடும் தமிழாகிவிட்டது.

ஏனென்றால் பாமினியில் உள்ளே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டியது, அவ்வளவே. 'தமிழ்' என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலையில் ஏறிய புள்ளி. காற்புள்ளி 'இ' ஆகும். இப்போது அவன் கோடைப் பாருங்கள். பைத்தனின் 'இஃப்' என்பது ஆங்கில ஐ, எஃப். பாமினியில் ஐ என்பது ஐகாரக் குறி, எஃப் என்பது க. ஆக, நிபந்தனை போட்ட இடமெல்லாம் திரையில் 'கை' என்று இருந்தது. 'ஃபோர்' என்பது 'கழச' ஆகியிருந்தது. வகுப்பே சிரித்து முடிய ஐந்து நிமிடமானது. இப்போதும் "சேர், இந்த இடத்தில கை போடணுமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

தீர்வு எழுத்துருவில் இல்லை. பட்டியலை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் பைத்தன் படிப்பவர் ஒரு முறை தானே எழுதிப் பார்க்கலாம், நல்ல பயிற்சி. இரண்டு இடத்தில் கவனம். 'து', 'கு', 'டி' போன்றவற்றுக்குப் பாமினியில் தனி விசை உண்டு, அவற்றையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அப்புறம் வரிசை. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பார்கள், ஐகாரக் குறி முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் மெய் முதலில், குறி பிறகு. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, இடமும் மாற்ற வேண்டும். 'கொ'வுக்கு முன்னும் பின்னும் இரண்டு துண்டு, அதை முதலில் பிடித்து மாற்றிவிட்டுத்தான் தனிக் கொம்புக்கு வர வேண்டும்.

மாற்றியதை யு.டி.எஃப்-8 என்றே சேமியுங்கள். விஎஸ் கோடில் வலது கீழ் மூலையில் அது எழுதியிருக்கும், கிளிக் பண்ணி மாற்றலாம். எக்ஸெலில் திறக்கப்போகும் சி.எஸ்.வி. கோப்பு என்றால் மட்டும் பி.ஓ.எம். (கோப்பின் தொடக்கத்தில் வைக்கும் அடையாளக் குறி) சேர்ந்த யு.டி.எஃப்-8 தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் எக்ஸெல் கிறுக்கலாகக் காட்டும்.

படி 5: தீம்

இது சின்னப் படி. கன்ட்ரோல் கே அழுத்தி, கன்ட்ரோலை விடாமல் டி (T) அழுத்தினால் விஎஸ் கோடின் தீம் பட்டியல் வரும். அம்புக்குறியால் மேலும் கீழும் போனாலே திரை மாறிக் காட்டும்.

மோனோகாய் 2006இல் விமர் ஹேசன்பர்க் செய்தது, இன்றைய கறுப்புத் தீம்கள் பலவற்றின் பாட்டன். ஈத்தன் ஷூனோவரின் சோலரைஸ்ட் 2011, பதினாறு நிறங்களை அளந்து தேர்ந்தது. டிராகுலா, நோர்ட், குருவ்பொக்ஸ், டோக்கியோ நைட் எல்லாம் பிறகு வந்தவை. எல்லாம் அழகு. ஆனால் நம் மலிவுத் திரைகளில் சோலரைஸ்டும் நோர்ட்டும் சரிவராது. அவற்றின் அழகே நிறங்களுக்கிடையில் உள்ள மெல்லிய வித்தியாசம். பழைய லெப்டொப் திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே அந்த வித்தியாசம் மறைந்து, கமென்ட் (கோடுக்குள் எழுதும் குறிப்பு) எல்லாம் பின்னணியோடு கரைந்துவிடும். அந்தத் திரைகளுக்கு மோனோகாய் அல்லது டிராகுலா மாதிரி அடித்துச் சொல்லும் நிறங்கள்தான் நல்லது.

கறுப்பா வெள்ளையா? "கறுப்புத் தீம் பேட்டரியை மிச்சம் பிடிக்கும்" என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ஓ.எல்.இ.டி. திரையில் அது உண்மை, போனில் பலன் உண்டு. நம் லெப்டொப்பில் இருப்பது எல்.சி.டி. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் கறுப்போ வெள்ளையோ செலவு ஒன்றுதான். பேட்டரி மிச்சமாக வேண்டுமானால் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கண்ணுக்கு எது நல்லது என்பது நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. லயத்துக் காம்பரா பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும், ஒரே ஒரு ஜன்னல். அங்கே வெள்ளைத் தீம் முகத்தில் டோர்ச் அடித்த மாதிரி. அதே லெப்டொப்பை இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தால், மூடுபனி விலகும் பத்து மணி வெளிச்சத்தில் கறுப்புத் தீமில் உங்கள் முகம்தான் தெரியும், கோட் தெரியாது. அதனால் இரண்டு தீம் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கறுப்புத் தீமில் எழுத்து பூத்துப்போன மாதிரித் தெரிகிறது என்று யாராவது சொன்னால் தீமைக் குறை சொல்லாமல் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை இருப்பவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கசியும். அவர்களுக்கு வெள்ளைத் தீம்தான் வசதி.

படி 6: கரண்ட் போகும் என்று நினைத்தே அமையுங்கள்

காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை என்று நாட்டுக்குக் கரண்ட் எடுக்கும் தண்ணீர் எல்லாம் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேரம் வரை வெட்டியபோது நாங்களும் இருட்டில்தான் இருந்தோம். இப்போது அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் காற்றுக்கு மரம் விழுந்தால் போதும். நம் பழைய லெப்டொப்களின் பேட்டரியோ சார்ஜரைக் கழற்றினால் பத்து நிமிடம்.

விஎஸ் கோடில் ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் இருக்கிறது. அதை இயக்குங்கள், முதல் நாளே. சேவ் பண்ணாத கோப்பையும் அது பின்னணியில் பிரதி எடுத்து வைத்திருக்கும், மறுபடி திறக்கும்போது திருப்பித் தரும். விம் இதில் இன்னும் பழுத்தது. 200 எழுத்து அடித்தாலோ, 4 விநாடி கை சும்மா இருந்தாலோ ஸ்வாப் கோப்பில் எழுதிவிடும். நோட்பேட் பிளஸ் பிளஸும் திறந்திருந்த டேப்களை நினைவில் வைத்திருக்கும். கீனியில் ஆட்டோ சேவ் ஒரு பிளகினாகக் கூடவே வருகிறது, டூல்ஸ் மெனுவின் பிளகின் மேனேஜரில் போய் சேவ் ஆக்ஷன்ஸ் என்பதை நீங்களே இயக்க வேண்டும். நான் ஒருமுறை இதை மறந்து ஒரு மாலை முழுக்க எழுதியதை இழந்தேன். அடுத்த நாள் அதையே மறுபடி எழுதினேன், போன முறையைவிட மோசமாக.

இடியும் உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இதற்கு எடிட்டரில் செட்டிங் கிடையாது.

பைத்தன்காரர்களுக்கு இன்னும் ஒரு செட்டிங். ரெண்டர் வைட்ஸ்பேஸ் என்பதை 'ஆல்' ஆக்குங்கள். ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். இரண்டும் கலந்தால் பைத்தன் 3 ஓட மறுக்கும். டேப் விசை அழுத்தினால் நாலு ஸ்பேஸ் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: எல்லாவற்றையும் பென் டிரைவில் போடுங்கள்

தோட்டத்துக்குள் சிக்னல் ஒரு பார், அதுவும் ஸ்டோருக்கு மேலே உள்ள மேட்டில் ஏறினால்தான். ஆறு லெப்டொப்பிலும் தனித்தனியாக டவுன்லோட் பண்ணினால் மாசத்து டேட்டா அன்றே முடிந்துவிடும். அதனால் டவுனுக்குப் போகும் ஒருவர் ஒரே தடவை எடுத்து வருவார்.

விஎஸ் கோடின் சிப் (zip, சுருக்கிக் கட்டிய கோப்பு) வடிவத்தை எடுங்கள், இன்ஸ்டாலரை வேண்டாம். அதை விரித்து, உள்ளே டேட்டா என்ற பெயரில், ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். இனிமேல் உங்கள் செட்டிங், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே சேரும். ஒரு மெஷினில் எழுத்துரு வரிசை, லைன் ஹைட், ஆட்டோ சேவ் எல்லாம் சரியாக அமைத்துவிட்டு, முழு ஃபோல்டரையும் கொப்பி பண்ணி மற்றவற்றில் போட்டால் வேலை முடிந்தது. எக்ஸ்டென்ஷனை மட்டும் தனியாகக் கொண்டுபோவதென்றால் அதன் வி.எஸ்.ஐ.எக்ஸ். கோப்பை எடுத்து, எக்ஸ்டென்ஷன் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் உள்ள இன்ஸ்டால் தெரிவில் கொடுங்கள். அப்டேட் மோடை மேனுவல் என்றும், எக்ஸ்டென்ஷன் ஆட்டோ அப்டேட்டை நிறுத்தியும் வையுங்கள். இல்லாவிட்டால் போன் ஹொட்ஸ்பொட்டை இணைத்த அடுத்த நிமிடம் அது தானே இறக்கத் தொடங்கும்.

எழுத்துருக் கோப்புகள் அந்த ஃபோல்டரோடு வராது. அவற்றைத் தனியாகப் பென் டிரைவில் வைத்து, ஒவ்வொரு மெஷினிலும் கோப்பை வலது கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்துவிட்டு, விஎஸ் கோடை மூடித் திறவுங்கள். அப்புறம் சோதனை வரியை இன்னொரு முறை அடித்துப் பாருங்கள், பூஜ்ஜியத்திலிருந்து அடைப்புக்குறி வரை. அதற்குக் கீழே 'கொழுந்து' என்று ஒரு சொல். கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் ஒட்டி நின்றால், அந்த மெஷின் சனிக்கிழமைக்குத் தயார்.